சிவில் என்றால் கலெக்டர்

மே 9

இந்த டைரி கல்லூரி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எங்கள் தாளாளர் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கல் குவாரிக்காரர் கல்வித் தந்தையாக மாறும்போது முதலில் முளைப்பது இந்தச் சிரிப்புதான். ஜனவரியிலிருந்து அவருக்குக் கொம்பும் மூக்குத்தியும் வரைவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்தி வந்தேன். இன்று முதல் எழுதவும் போகிறேன். திட்டினால் கேட்பதற்கு வீட்டில் ஆள் குறைந்துவிட்டது.

பிளஸ் டூ முடிவு வந்தது. என் மகள் வடிவுக்கு இருநூற்றுக்கு 188.5 கட் ஆஃப். என் மனைவி கோமதி தபால் ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து கேசரி கிண்டினாள். முந்திரி கருகியிருந்தது. சொன்னேன். "இன்னைக்குமா?" என்றாள்.

முதல் போன், சொக்கலிங்க மாமா. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தாய்மாமா. ரிட்டயர்டு கண்டக்டர். "கலெக்டரே! மவ எவ்வளவு?" என்றார்.

என்னை அவர் கலெக்டர் என்று கூப்பிடுவதற்குப் பின்னால் ஒரு குற்றம் இருக்கிறது. 1997இல் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகச் சென்னை போனோம். நான், அம்மா, பஸ் பாஸ் வைத்திருந்த ஒரே சொந்தக்காரரான மாமா. என் மார்க்குக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் இருந்தது. மாமாவோ, 'சிவில்' என்ற சொல்லைப் பார்த்து, அது சிவில் சர்வீஸுக்கான படிப்பு என்று முடிவு செய்து, என்னை அதில் தள்ளினார். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் கலிபோர்னியாவில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கினார்கள். நான் அந்தக் குளத்தின் சுவர் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தெட்டு வருடம். மன்னிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

மே 12

சிவில் துறையை மூடுகிறார்கள்.

முதல்வர் ஞானதுரை எங்கள் ஆறு பேரையும் அழைத்து, ஏ.சி.யைக் கூட்டி வைத்துவிட்டுச் சொன்னார். கடந்த மூன்று வருடங்களில் சேர்ந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் ஒருவன் தவறுதலாக வந்தவன். அடுத்த வருடம் அந்த வகுப்பறைகளில் டேட்டா சயின்ஸ்.

"குற்றாலிங்கம் சார், நீங்க சீனியர். ஆன்லைன்ல ஏ.ஐ. கோர்ஸ் முடிச்சு ஜூலை இருபத்தொண்ணுக்குள்ள சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா அங்கேயே கிளாஸ் போட்டுத் தரேன்."

"நான் இருபத்திரண்டு வருஷமா கான்கிரீட் நடத்துறேன் சார்."

"டேட்டாவும் அப்படித்தான் சார். கலக்கணும், ஊத்தணும்."

இவர் கெமிஸ்ட்ரி. கான்கிரீட்டும் தெரியாது, டேட்டாவும் தெரியாது. கலக்குவது மட்டும் தெரியும்.

சர்டிபிகேட் வரும்வரை சும்மா இருக்கக் கூடாதாம். ஆளுக்கு ஐந்து மாணவர்களைப் பிடித்து வர வேண்டும். நான் முனைவர் பட்டம் வாங்கியது கான்கிரீட் உத்திரங்களில் விழும் விரிசல்களைப் பற்றி. இப்போது ஆள் பிடிக்கப் போகிறேன்.

மே 13

தாளாளருக்கு இன்று கோரைப்பல்.

மே 20

கயத்தாறு பக்கம் ஒரு கிராமம். கல்லூரி வேன், கல்லூரிப் பை, பைக்குள் கல்லூரிப் பேனா. நூற்று அறுபது கட் ஆஃப் எடுத்த பெண்ணின் வீடு. அப்பா பேச்சிமுத்து லாரி டிரைவர். மோர் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். வேலை வாய்ப்பு, ஹாஸ்டல், வைஃபை.

பேச்சிமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார்வாள், ஒங்க பிள்ளைய ஒங்க காலேஜ்லதான சேக்கப் போறிய?" என்றார்.

நான் மோரைக் குடித்தேன். மோர் தீர்ந்த பிறகும் குடித்தேன்.

நல்லவேளையாக வெளியே கொத்தனார் தட்டிக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு அறை எடுக்கிறார்கள். பேச்சை மாற்ற வெளியே வந்து பார்த்தால், சன்ஷேடுக்குக் கம்பியை அடிப்பக்கம் கட்டி வைத்திருக்கிறார். நாளைக் காலை கான்கிரீட்.

"யோவ், சன்ஷேடு சுவத்துல இருந்து கை நீட்டுன மாதிரி நிக்குது. பாரம் வந்தா மேல்பக்கம்தான் பிளக்கும். கம்பி மேலல்லா வரணும்?"

"நான் நாப்பது வீடு கட்டிருக்கேன் சார்."

"அந்த வீட்டுலலாம் சன்ஷேடுக்குக் கீழ யாரும் நிக்கிறதில்லையா?"

கான்கிரீட் காய்ந்து முட்டுப் பலகையைப் பிரிக்கும்போது விழும், இல்லாவிட்டால் முதல் மழையில் விழும், அடியில் அந்தப் பெண் நிற்பாள் என்று சொன்னதும் பேச்சிமுத்துவின் முகம் மாறிவிட்டது. கம்பி முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தேன். கொத்தனார் என்னைத் திட்டிக்கொண்டே கட்டினார், நான் அவரைத் திட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டேன். இரண்டரை மணி நேரம். சட்டையெல்லாம் துரு.

வேன் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அட்மிஷன்: பூஜ்யம். கல்லூரிப் பேனா கொத்தனாரிடம் போய்விட்டது.

மே 26

இந்த நாற்பத்தைந்து வயதில் என்ன படிக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

பி.எட். என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், அங்கே பிள்ளைகள் இருப்பார்கள். உளவியல் படித்தால் பிறர் புலம்புவதை நான் கேட்க வேண்டும், அது முறையல்ல. மூன்று வருடச் சட்டப் படிப்பு நல்ல யோசனையாகத் தெரிகிறது. வயது வரம்பு இல்லை. யார் யார் மீது வழக்குப் போடலாம் என்று பின் அட்டையில் எழுதிப் பார்த்தேன். தாளாளர், ஞானதுரை, என் ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட வழிகாட்டி, மாடியில் தண்ணீர்த் தொட்டியை வழிய விடும் பக்கத்து வீட்டுக்காரர், சொக்கலிங்க மாமா. அட்டையில் இடம் போதவில்லை.

கோமதியிடம் காட்டினேன். "எம் பேரு இல்லையே?" என்றாள்.

"உன்மேல என்ன வழக்கு?"

"அதான் நானும் யோசிக்கேன். எல்லார் மேலயும் இருக்கே, நமக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனைன்னு."

ஜூன் 3

விண்ணப்பம் பதிவு செய்தோம். என் போன் நம்பர், என் இமெயில். மகளின் போன் வருடத்துக்கு மூன்று முறை தண்ணீரில் விழும் என்பதால்.

எந்தப் பிரிவு என்று கேட்டேன். அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சிவில்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏட்டி, வெளையாடாத."

"வெளையாடல எப்பா. சிவில்தான்."

"என் டிபார்ட்மெண்ட்டையே இழுத்து மூடுதான். நான் தெருவுல நிக்கேன். உனக்குச் சிவிலா?"

"நீங்க இன்னும் வீட்டுலதான் நிக்கிய. உள்ள உக்காந்து சாப்பிடுங்க."

காரணம் கேட்டேன். "கல்யாண வீட்டுல எல்லாரும் சாப்பாட்டைப் பாப்பாங்க. நீங்க சீலிங்கைப் பாப்பிய. இந்தத் தூணு தேவையில்ல, அந்த உத்திரம் தொங்குதுன்னு எங்கிட்ட சொல்லுவிய. சின்னப் பிள்ளையில இருந்து நானும் மேலேயே பாத்துப் பழகிட்டேன்" என்றாள்.

நான் அதையெல்லாம் குறையாகத்தான் சொன்னேன். திட்டிச் சொன்னதை ஒருத்தி பாராட்டு என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கத்தினேன். கோமதி கதவைச் சாத்தினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க. கேட்கட்டும். தண்ணீர்த் தொட்டியை மூடாதவன் காதையாவது திறந்து வைக்கட்டும்.

ஜூன் 4

பேச்சுவார்த்தை இல்லை. தோசை மட்டும் வந்தது.

ஜூன் 17

ஏ.ஐ. கோர்ஸ், மூன்றாம் பாடம். திரையில் ஒரு பொடியன் "ஹாய் கைஸ்" என்கிறான். மீன் படங்களைக் காட்டி, இது சீலா, இது விளமீன் என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டுமாம். இதற்கு எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மா போதும்.

மாலையில் ஜெபசிங் போன் செய்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மாணவன். கடைசி பெஞ்ச். இப்போது தூத்துக்குடி ரோட்டில் ஒரு ரயில்வே மேம்பால வேலையை எடுத்திருக்கும் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர்.

"சார், டிபார்ட்மெண்ட் மூடுறதாக் கேள்விப்பட்டேன். நம்ம சைட்டுக்கு வந்துருங்க. குவாலிட்டிக்கு ஆள் வேணும்."

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"இருக்காங்க சார். லேப் ரிப்போர்ட்ல பொய் எழுதாத ஆளு வேணும். ஸ்ட்ரக்சுரல்ல ரெண்டு தடவ நாப்பத்தேழுல நின்னேன். மூணு மார்க் போடுங்கன்னு உங்க வீட்டு வாசல்ல வந்து அழுதேன். போட மாட்டேன்னுட்டிய. அப்பவே நெனச்சேன், இவரு திருந்த மாட்டாருன்னு."

இவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. மொத்த டிபார்ட்மெண்ட்டுக்கும் வைத்தான். அதைக் கேட்டேன்.

"பயம் சார். மண்டபம் புதுசு. நீங்க வந்து எதாவது சொல்லிட்டா எங்க மாமனார் தாங்க மாட்டாரு."

யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். யோசிக்கப் போவதில்லை.

ஜூன் 18

மேம்பாலத் தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டு அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். சும்மா.

ஜூலை 2

மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ஃபால்ஸ்'. குற்றாலிங்கம், குற்றாலம், ஃபால்ஸ். இத்தனை வருடமாக அருவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி பேட்ச் பையன்கள் விடைபெற வந்தபோது கேட்டேன். ஒருவன் நெளிந்தான். "நீங்க எல்லாத்துக்கும் தப்பு தப்புன்னுதான சார் போடுவீங்க, அதான்" என்றான்.

ஜூலை 14

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போட மூன்று நாள் அவகாசம். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இறுதி செய்ய வேண்டும். மேலே இருப்பது முதலில் கிடைக்கும். கிடைத்தால் அதோடு சரி, கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

வடிவு பன்னிரண்டு கல்லூரிகள் போட்டாள். பன்னிரண்டும் சிவில். நான் இரண்டு மணி நேரம் வாதாடியதற்குக் கூலியாக, கீழே எட்டுக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தாள். "அது வரைக்கும் வராது எப்பா. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு" என்றாள்.

அவள் குளிக்கப் போனபோது, கீழே இருந்த எட்டையும் மேலே ஏற்றிவிட்டேன். இதைத் திருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு சொல்லும் நீக்கப்படவில்லை. வரிசைதான் மாறியது.

நாளை அவள் தோழி வீட்டுக்குப் போகிறாள். நாளை மறுநாள் வரை அவள் கணக்கைத் திறக்காமல் இருந்தால் போதும். கடைசி நேரத்தில் நானே இறுதி செய்துவிடுவேன். ஐந்து வருடம் கழித்து நன்றி சொல்வாள். எனக்கு அப்படிச் செய்ய ஒரு ஆள் இல்லை. எனக்கு வாய்த்தது ஒரு கண்டக்டர்.

ஜூலை 15

மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிவு. கோமதி ஒரு பை நிறைய ஆரஞ்சைக் கொடுத்து என்னை அனுப்பினாள். "போன இடத்துல நல்லாப் பேசிட்டு வாங்க" என்றாள். நல்லாப் பேசுவதற்குத்தான் இருபத்தெட்டு வருடமாகக் காத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மாமா மாவுக்கட்டோடு நாற்காலியில் இருந்தார். குளியலறையைப் பார்த்தேன். தரையின் சாய்வு கதவுப் பக்கம் இருந்தது. தண்ணீர் வாசலில் நின்றால் யாரும் விழத்தான் செய்வார்கள். அதைச் சொல்லிவிட்டு, அந்த வேகத்திலேயே கேட்டேன்.

"மாமா, அன்னைக்குச் சென்னையில என்னைய ஏன் சிவில்ல தள்ளினிய?"

"எதுல தள்ளினேன்?"

"கவுன்சிலிங்ல. கம்ப்யூட்டர் இருந்துச்சு. நீங்கதான் சிவில் படிச்சா கலெக்டர்னு சொல்லி எடுக்க வச்சிய."

மாமா என்னை, டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் எங்கல உள்ள வந்தேன்? கூட ஒருத்தருதான் வரலாம்னு உங்கம்மைய உள்ள விட்டுட்டு என்னைய வாசல்லயே நிறுத்திட்டான். நான் மரத்தடியில இட்லிப் பையக் காத்துக்கிட்டுல்லா கெடந்தேன்."

"அப்ப கலெக்டர்னு சொன்னது?"

"நீதாம்ல சொன்ன! எனக்கு இங்கிலீசு என்ன தெரியும்? பஸ்ல போறப்ப பூரா உங்கிட்ட கம்பியூட்டர் எடு, கம்பியூட்டர் எடுன்னுதான படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எங்க டிப்போ மேனேசர் மவன் அமெரிக்கா போனதச் சொல்லலையா? நீ வெளிய வந்து, 'சிவில் எடுத்திருக்கேன் மாமா'ன்ன. எனக்கு வந்துச்சே கோவம்! கைய ஓங்கிட்டேன். உடனே நீ, 'மாமா, சிவில் சர்வீஸுன்னு கேட்டதில்லையா, கலெக்டருக்குப் படிக்கது இதுதான்'ன்ன. உங்கம்மையும் ஆமாங்கா. நான் ஓங்கின கையால உன்னையத் தட்டிக் குடுத்தேன்."

நான் ஆரஞ்சை உரித்தேன்.

"அதத்தாம்ல நானும் இத்தன வருசமா டிப்போ முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியேன். வாத்தியார் வேல சும்மா இடையில பாக்கான், பரிச்ச எழுதுவான்னு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "இனும எழுத முடியாதோ? வயசு போயிட்டோ?"

எழுபத்தொன்பது வயது. வலி மாத்திரை நினைவைக் குழப்பும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ் தாமிரபரணிப் பாலத்தில் மெதுவாகப் போனது. சென்னைக்குப் போன அந்த நாளும் ஒரு பாலத்தின் மேல் போனோம். கொள்ளிடம். அதன் தூண்களை எண்ணிக்கொண்டே வந்தேன். இடையில் மாமா ஏதோ சொல்லி எண்ணிக்கை தவறிவிட்டது, அவர்மேல் எரிந்து விழுந்தேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 16

காலையில் பரணில் இருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ஒட்டடை, எலிப் புழுக்கை, 1997ஆம் வருட ஒதுக்கீட்டுக் கடிதம். விருப்பப் பிரிவு என்ற இடத்தில் 'சிவில்'. என் கையெழுத்து. நடுக்கம் இல்லாத, கொஞ்சம் திமிரான கையெழுத்து. உடன் வந்தவர் என்ற இடத்தில், எழுத்துக் கூட்டி எழுதிய அம்மாவின் 'செ. ஆவுடையம்மாள்'.

மாமாவின் கையெழுத்தைத் தேடினேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

ஒருவர்மேல் இருபத்தெட்டு வருடம் கோபமாக இருப்பது லேசான வேலை இல்லை. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் பரணடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்குக் கணக்கைத் திறந்தேன். வடிவு வருவதற்குள் பட்டியலைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று. திறந்தால், முதல் பன்னிரண்டும் சிவில். எட்டுக் கம்ப்யூட்டரும் அடியில்.

"அத அன்னைக்கே மாத்திட்டேன் எப்பா."

பின்னால் நின்றிருந்தாள்.

"ஒவ்வொரு தடவ சேவ் பண்ணும்போதும் மெயில் வரும். உங்க மெயில் நம்ம வீட்டு லேப்டாப்ல எப்பவும் தொறந்துதான கெடக்கு."

"ஏன் கேக்கல?"

"ஓ.டி.பி. உங்க போனுக்குல்லா வரும். சண்ட போட்டா தருவியளா?"

நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, இறுதி செய் என்பதை அழுத்தினாள். என் சட்டைப் பையில் போன் துள்ளியது.

"சொல்லுங்க."

நான்கு எண்களைச் சொன்னேன். நிறுத்தினேன்.

"எப்பா, மிச்சம் ரெண்டு?"

"சிவில் படிச்சா என்னைய மாதிரி ஆயிருவட்டி."

அவள் திரும்பவில்லை. "உங்கள மாதிரின்னா எப்படி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனையோ சொல்லலாம். இந்த டைரி நிறைய இருக்கிறது. அடுக்களையிலிருந்து கோமதிதான் பதில் சொன்னாள். "ஊரான் வீட்டு சன்ஷேடுக்குச் சட்டையெல்லாம் துருவாக்கிட்டு வந்து நிப்பா. நான் வேற சட்ட வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பேன். வேற என்ன?"

"ஏழு" என்றேன். பிறகு, "நாலு."

ஜூலை 20

சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நேற்று. மறந்துவிட்டேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

ஜூலை 21

ஒன்பது மணிக்கு முதல்வரிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். ஏ.ஐ. சர்டிபிகேட் என்று நினைத்துக் கை குலுக்கிவிட்டார். பிறகு படித்தார். நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவர் தலைக்கு நேர் மேலே ஜன்னல் ஓரமாக ஒரு விரிசல் புதிதாக ஓடுகிறது. சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். என்ன செய்வது, பழக்கம்.

பதினொரு மணிக்குச் சைட். ஹெல்மெட் சிறியது. ஜெபசிங் இன்னமும் என் முன்னால் உட்கார மாட்டேன் என்கிறான், இது எத்தனை நாளைக்கோ. மூன்று லோடு கான்கிரீட் வந்தது. ஒன்றில் தண்ணீர் அதிகம். சோதனைக் கூம்பைத் தூக்கியதும் கலவை சாணி மாதிரி உட்கார்ந்தது. திருப்பி அனுப்பினேன். லாரி டிரைவர் என் பரம்பரையையே திட்டினார். நானும் விடவில்லை. நன்றாக இருந்தது.

இரண்டு மணிக்கு ஒதுக்கீடு வந்தது. வடிவுக்கு அவள் பட்டியலில் முதலில் இருந்ததே கிடைத்திருக்கிறது. போனில் அவள் கத்தியது கலவை மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மாமா.

"மருமவனே, பிள்ளைக்கு என்ன கெடச்சுது?"

"சிவில், மாமா."

இந்தப் பக்கம் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மாமாவின் டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா மெதுவாக, யாரிடமும் சொல்லிவிடக் கூடாத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப கலெக்டரால?"

"ஆமா மாமா" என்றேன்.